சீட்டை எண்ணுபவரை எண்ணுகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் மலைநாட்டுத் தோட்டமொன்றின் லயத்து வாசலைக் கடந்து செல்வோர், அங்கே நால்வர் வட்டமாக அமர்ந்து முந்நூற்று நான்கு ஆடுவதைக் கண்டிருப்பர். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஓர் இனத்துக்கு 76. நான்கு இனத்துக்கும் சேர்த்து 304. இவ்வாட்டத்தில் பெயர் பெற்றவர் யாரென்று கேட்டால், விழுந்த சீட்டை மறக்காதவரையே சுட்டிக் காட்டுவார்கள். துரும்பு எத்தனை போயிற்று, எவர் கையில் எது மிஞ்சியிருக்கும் என்று மனத்திலே குறித்துக்கொள்பவரே அங்கு கெட்டிக்காரர். அவரை எவரும் எழுந்து போகச் சொல்வதில்லை. அடுத்த ஆட்டத்தில் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளவே போட்டியிடுவர்.

இதே கெட்டிக்காரர் இதே திறமையுடன் ஒரு கசினோவின் மேசையில் அமர்வாராயின் நிலைமை வேறு. சற்று நேரத்தில் கோட்டு அணிந்த ஒருவர் வந்து, மிக்க மரியாதையுடன், “ஐயா, தாங்கள் வேறு எந்த ஆட்டமும் ஆடலாம், இந்த ஆட்டம் மட்டும் வேண்டாம்” என்று சொல்லக்கூடும். தோற்பவரை உபசரித்து, ஆடத் தெரிந்தவரை வழியனுப்பும் இவ்விந்தை வாணிகத்தின் உட்கணக்கு என்ன? நமக்கு இக்கேள்வி வெறும் வேடிக்கைக்காக எழவில்லை.

சென்ற தீபாவளி விடுமுறையில் நம்முடைய பழைய மாணவன் ஒருவன் நம்மைக் காண வந்தான். கணிதத்தில் சூட்டிகையான பிள்ளை. கொழும்பில் ஒரு விடுதியில் வேலை. கையில் ஒரு கொப்பி. “சேர், இதிலே கணக்குப் பிழை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்றான். பிரித்துப் பார்த்தோம். பக்கம் பக்கமாகக் கூட்டல் ஒன்றும் கழித்தல் ஒன்றும். பிளாக்ஜாக் என்னும் சீட்டாட்டத்தில் சீட்டுக்களை எண்ணி வெல்லும் முறை அது. கணக்கில் பிழையில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில், ‘முதல்: ஐந்து இலட்சம். ஒரு பந்தயம்: பத்தாயிரம்’ என்று எழுதியிருந்தது. ஐந்து இலட்சம் எங்கிருந்து என்று கேட்டோம். சற்றுத் தயங்கி, “அம்மாவின் சேமலாப நிதி, சேர்” என்றான். இருபத்தைந்து ஆண்டுகள் மலையேறிக் கொழுந்து பறித்த தாயின் கைப்பொருள் அது.

அன்று நாம் அவனுக்குச் சொன்னவற்றையே இங்கு சற்று விரிவாக எழுதுகிறோம்.

ஆட்டமும் அதன் கணக்கும்

பிளாக்ஜாக்கின் விதி எளிது. சீட்டுக்களின் கூட்டுத்தொகை 21ஐ நெருங்க வேண்டும், மிஞ்சினால் தோல்வி. படச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் 10. ஏஸ் ஒன்றாகவும் கொள்ளலாம், பதினொன்றாகவும் கொள்ளலாம். ஆடுபவர் தம் விருப்பம்போல் மேலும் சீட்டு வாங்கலாம், அல்லது நிறுத்தலாம். சீட்டுப் போடுபவருக்கோ விருப்பமே கிடையாது. 16 வரை வாங்கியே தீர வேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். ஆடுபவர் முதலில் மிஞ்சிவிட்டால் அக்கணமே அவருடைய பணம் போயிற்று. பின்னர் எதிரியும் மிஞ்சினாலும் அது திரும்புவதில்லை. மண்டபத்தின் ஆதாயம் முழுவதும் இந்த ஒரு விதியிலிருந்தே பிறக்கிறது.

இந்த ஆதாயத்தை முதன்முதல் முறையாக அளந்தவர்கள் அமெரிக்க இராணுவத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள். பால்ட்வின், கேன்ரி, மைசல், மெக்டெர்மொட் என்போர் மேசைக் கணிப்பொறிகளைத் தட்டித் தட்டி, ஒவ்வொரு நிலைக்கும் உத்தமமான முடிவு எதுவென்று கண்டு 1956ஆம் ஆண்டு வெளியிட்டனர். நல்ல விதிகள் உள்ள மேசையில் இவ்வடிப்படை முறைப்படி ஆடுபவருக்கு எதிராக மண்டபத்தின் ஆதாயம் நூற்றுக்கு ஏறத்தாழ அரை ரூபாதான். மனம்போனபடி ஆடுபவருக்கு எதிராக இரண்டு ரூபாவோ அதற்கு மேலோ ஆகலாம்.

அதன் பின் வந்தவர் எட்வேர்ட் தோர்ப் என்னும் கணிதப் பேராசிரியர். ஐ.பி.எம். 704 என்னும் கணினியின் துணைகொண்டு அவர் கண்ட உண்மை இதுதான்: பகடைக்கு நினைவில்லை, சீட்டுக்கட்டுக்கோ நினைவுண்டு. போன சீட்டு மீண்டும் கலைக்கும்வரை வாராது. சிறு சீட்டுக்கள் அதிகம் போய்விட்டால், எஞ்சியவற்றில் பத்தும் ஏசும் மலிந்திருக்கும். அப்போது 16இல் கட்டாயமாக வாங்கும் எதிரி மிஞ்சி வீழ்வது கூடும். ஏசும் பத்தும் சேர்ந்து வந்தால் ஆடுபவருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். அதே சேர்க்கை எதிரிக்கு வந்தால் ஒரு மடங்குதான் போகும். ஆகவே அவ்வேளையில் மட்டும் பந்தயத்தை உயர்த்தினால் ஆதாயம் ஆடுபவர் பக்கம் சாயும். தோர்ப் 1961இல் நெவாடா மாநிலத்துக்குச் சென்று பத்தாயிரம் டொலர் முதலுடன் இதனைச் சோதித்து, அம்முதலை இரட்டிப்புக்கு மேலாக்கினார். 1962இல் நூலாகவும் எழுதினார்.

நம் மாணவனின் கொப்பியில் இருந்ததும் அவ்வழி வந்த முறையே. 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டு. 7, 8, 9 விழுந்தால் விட்டுவிடு. பத்தும் படமும் ஏசும் விழுந்தால் ஒன்று கழி. வரும் தொகையை எஞ்சிய கட்டுக்களின் எண்ணிக்கையால் வகு. தொகை 8, எஞ்சிய கட்டு நான்கு என்றால் விடை 2. ஒவ்வோர் எண் உயரும்போதும் ஏறத்தாழ அரைச் சதவீதம் ஆடுபவர் பக்கம் சாயும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்யத்தக்க கணக்கு இது. அதனை இரைச்சலுக்கு நடுவே, விளக்கொளியில், பிறர் பார்க்கப் பிழையின்றி மணிக்கணக்காகச் செய்வதுதான் அரிது.

கணக்குப்பிள்ளையின் கண்

இனி மறுபக்கம் பார்ப்போம். கசினோ தன்னிடம் ஆடுபவரை எவ்வாறு மதிப்பிடுகிறது?

நம் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியின் கூடை மற்றவர்களுடையதைவிட நிறை கூடுதலாக இருந்தால் அனுபவமுள்ள கணக்குப்பிள்ளை தராசை மட்டும் பார்த்து மலைத்துவிடுவதில்லை. கூடையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார். இளங்கொழுந்தா, முற்றிய இலையா, மழைநீர்ப் பாரமா என்று தெரிந்துவிடும். நிறை ஒருநாள் ஏறும், ஒருநாள் இறங்கும். பறிக்கும் கை மாறாது.

கசினோவும் அவ்வாறே. ஒருவர் இன்றிரவு வென்றாரா தோற்றாரா என்பதை அது பெரிதாகப் பார்ப்பதில்லை. பத்தாயிரம் ரூபா பந்தயம், மணிக்கு 60 ஆட்டம், நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மேசையில் வைத்த பணம் மொத்தம் 24 இலட்சம். மனம்போனபடி ஆடுபவரானால் நூற்றுக்கு இரண்டு வீதம் 48,000 ரூபா கசினோவுக்குச் சேரவேண்டியது. அடிப்படை முறை கற்றவரானால் 12,000. நூற்றுக்கு ஒன்று ஆதாயம் காணும் எண்ணுபவரானால் கசினோ 24,000 ரூபா இழக்கவேண்டியது. இவை யாவும் சராசரிக் கணக்கு. உண்மையில் அந்த 240 ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் ஊசலாட்டம் மட்டுமே ஏறத்தாழ 18 பந்தயம், அதாவது ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபா வரை இப்பக்கமோ அப்பக்கமோ போகும். அத்தகைய பேரலையில் 24,000 ரூபாவின் வேற்றுமை எங்ஙனம் தெரியும்? ஆகவேதான் கசினோ முடிவை விட்டு, ஆடும் விதத்தைப் பார்க்கிறது.

மேசைக்குப் பின்னால் நிற்கும் மேற்பார்வையாளர் மூன்றைக் குறித்துக்கொள்கிறார்: சராசரிப் பந்தயம், ஆடிய நேரம், ஆட்டத்தின் தரம். எதிரியின் சீட்டு பத்தாக இருக்க, கையில் 12ஐ வைத்துக்கொண்டு அஞ்சி நிற்பவர். ஏசும் ஆறும் வந்த கையில் சீட்டு வாங்காதவர். இருபது வந்த கையைப் பிரித்து ஆடுபவர். எதிரிக்கு ஏஸ் தெரியும்போதெல்லாம் காப்புப் பந்தயம் வைப்பவர் ஆகியோர் எளியவர் என்று பதிவாவார்கள். அவர்களுக்கே விருந்தும் அறையும் தாராளமாகக் கிடைக்கும். இலவசம் என்று நாம் நினைக்கும் அவ்வுபசாரம், சேரவேண்டிய தொகையிலிருந்து ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பதேயன்றி வேறில்லை. ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறாரோ அவ்வளவுக்கு விருந்து குறையும்.

எண்ணுபவர் எவ்வாறு அகப்படுகிறார்?

எண்ணும் செயல் மனத்துக்குள் நடப்பது. மனத்தை எவரும் காண முடியாது. ஆயினும் எண்ணிக்கையினால் பயன் வேண்டுமானால் அது கையின் வழியே வெளிவந்தே தீரவேண்டும். அங்கேதான் பிடி இருக்கிறது.

முதலாவது, பந்தயத்தின் ஏற்றத்தாழ்வு. சாதாரண மனிதர் வென்றால் உயர்த்துவார், தோற்றால் ஆத்திரத்தில் உயர்த்துவார். எண்ணுபவரோ வெற்றி தோல்வியைப் பாராது, கட்டு எப்போது செழிப்பாக இருக்கிறதோ அப்போது உயர்த்துவார். மேலே கூரையிலுள்ள ஒளிப்படக் கருவிகள் ஒவ்வொரு சீட்டையும் பதிவு செய்கின்றன. ஐயம் எழுந்தால், காவல் அறையிலுள்ளவர் அப்பதிவை ஓட்டித் தாமும் உடன் எண்ணுவார். கணினி நிரலும் துணை செய்யும். எண்ணிக்கையும் பந்தயமும் திரும்பத் திரும்ப ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்குமாயின் மறைக்க வழியில்லை.

இரண்டாவது, காப்புப் பந்தயம். பொதுவாக அது நட்டமானது. ஆனால் நாம் மேலே சொன்ன விடை 3ஐ எட்டும்போது ஆதாயமாகும். எப்போதும் வைப்பவர் அறியாதவர். ஒருபோதும் வையாதவர் அடிப்படை முறை கற்றவர். குறிப்பிட்ட வேளையில் மட்டும் வைப்பவர்மேல் கண் விழும்.

மூன்றாவது, ஒரே கையை இருவேறு விதமாக ஆடுதல். 16 வந்து எதிரிக்குப் பத்து தெரிந்தால் ஒரு சமயம் வாங்குகிறார், மறு சமயம் நிற்கிறார். அம்மாற்றமும் எண்ணிக்கையுடன் பொருந்தி வந்தால் ஐயம் உறுதியாகும்.

நான்காவது, நின்று பார்த்து, கட்டு நன்றாகிய பின் இடையில் வந்து அமர்தல். இதனைக் கூட்டமாகச் செய்தவர்களும் உண்டு. 1970களின் தொடக்கத்தில் அல் பிரான்செஸ்கோ என்பவர் குழு அமைத்தார். சிலர் சிறு பந்தயம் வைத்து எண்ணிக்கொண்டிருப்பர்; நல்ல வேளையில் சாடை காட்டுவர்; செல்வந்தர் வேடத்தில் ஒருவர் வந்து பெரும் பந்தயம் வைப்பார். பின்னர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவக மாணவர்கள் இம்முறையைப் பெரிய அளவில் நடத்தினர். கசினோக்களும் சும்மா இருக்கவில்லை. 1967இல் தொடங்கிய கிரிபின் என்னும் துப்பறியும் நிறுவனம் இத்தகையோரின் படங்களைத் தொகுத்துக் கசினோக்களுக்கு விற்றது. அதன் பட்டியலில் இடம்பெற்ற இருவர் அவதூறு வழக்குத் தொடுத்து வென்றதன்பின், 2005இல் அந்நிறுவனம் கடனிறுக்க வழியின்றி நீதிமன்றப் பாதுகாப்பைத் தேடியது. எண்ணுபவர் யாரென்று எண்ணுவதிலும் பிழை உண்டென்பதற்கு இது சான்று.

அகப்பட்டவருக்கு நேர்வது என்ன? மனத்தால் எண்ணுவது நெவாடாவில் குற்றமன்று; கருவி வைத்து எண்ணுவதே 1985 முதல் குற்றம். ஆகவே கைது இல்லை. கட்டை அடிக்கடி கலைப்பார்கள், பாதியிலேயே வெட்டி நிறுத்துவார்கள், ஒரே அளவு பந்தயம்தான் வைக்கலாமென்பார்கள், இறுதியில் ஆடவேண்டாமென்பார்கள். கென் அஸ்டன் என்னும் ஆட்டக்காரர் இதனை எதிர்த்து வழக்காடினார். எண்ணுபவரைக் கசினோ தன்னிச்சையாக விலக்க முடியாதென்று நியூ ஜேர்சி உயர் நீதிமன்றம் 1982இல் தீர்த்தது. நெவாடாவிலோ விலக்கலாம்.

இதில் வேறொரு நுட்பமும் உண்டு. தோர்ப்பின் நூலுக்கு அஞ்சி 1964இல் லாஸ் வேகாஸ் கசினோக்கள் விதிகளைக் கடுமையாக்கின. சாதாரண ஆட்டக்காரர்களும் விலகிப் போகவே, சில வாரங்களில் பழைய விதிகளுக்கே திரும்பின. வெல்லலாம் என்று நூல் படித்து வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் அரைகுறையாகக் கற்றுத் தோற்றனர். வெல்லலாம் என்ற நம்பிக்கையே அம்மண்டபங்களுக்குப் பெரும் வருவாயாயிற்று. சீட்டு எண்ணும் கலை கசினோவுக்குப் பகையாகவும், அதே வேளை சிறந்த விளம்பரமாகவும் அமைந்தது.

நம் நாட்டில்

நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டம் கசினோத் தொழிலை ஒழுங்குபடுத்த வந்தது. 2025இல் சூதாட்டம் முழுவதற்குமாக ஒழுங்குமுறை அதிகார சபை ஒன்றை அமைக்கும் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே கொழும்பில் பெரியதொரு புதிய கசினோவும் திறக்கப்பட்டது. இலங்கையர் உள்ளே நுழைவதற்கே டொலர் கணக்கில் தனி வரி உண்டு. எண்ணத் தெரிந்தவரும் அவ்வரியைத் தம் முதலிலிருந்தே கழித்துக்கொள்ள வேண்டும்.

அயல்நாடாகிய இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 1968இல் ரம்மியையும், 1996இல் சென்னையிலிருந்து சென்ற வழக்கில் குதிரைப் பந்தயத்தையும் பெரும்பாலும் திறமையின்பாற்பட்டவை என்று கூறியது. சட்டம் கேட்கும் கேள்வி, ஓர் ஆட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்பது. கசினோ கேட்கும் கேள்வியோ, இவரிடம் திறமை எவ்வளவு என்பது. நம் மாணவனுக்கு இவ்விரண்டும் போதா. மூன்றாவது கேள்வியொன்று அவனுக்கு உண்டு: திறமை இருந்தும், கைப்பொருள் தாங்குமா?

அதற்கும் கணக்கு உண்டு. நூற்றுக்கு ஒன்று ஆதாயம் உண்மையிலேயே இருக்கிறது, எவரும் விலக்கவில்லை, மறதியும் இல்லை என்றே கொள்வோம். ஐம்பது பந்தயத்துக்கு மட்டும் முதல் வைத்து ஒரே அளவாகத் தொடர்ந்து ஆடுபவர் முழுவதையும் இழக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 47. நூறு பந்தய முதலுக்கு 22. முந்நூறு பந்தய முதல் இருந்தால்தான் அது நூற்றுக்கு ஒன்றளவில் வரும். பந்தயத்தை ஏற்றி இறக்கி ஆடும்போது ஊசலாட்டம் இன்னும் கடுமை. அவனிடம் இருந்ததோ ஐந்து இலட்சம், பந்தயம் பத்தாயிரம், ஆக ஐம்பது. தாயின் உழைப்பை ஏறக்குறைய ஒரு காசைச் சுண்டி விடுவதற்கு ஒப்பாக வைத்துப் பார்க்க அவன் ஆயத்தமாயிருந்தான்.

இவ்விடத்தில் நளன் கதை நமக்கு நினைவுக்கு வருகிறது. வழியிலே நின்ற தான்றி மரத்தின் காய்களை இருதுபன்னன் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்னான். தேரை நிறுத்தி எண்ணிப் பார்த்த நளன் அது சரியெனக் கண்டு, தன் குதிரைக் கலையைக் கொடுத்து அவ்வெண் கலையைப் பெற்றான். கலி அவனை விட்டு நீங்கியது. பண்டைக் காலத்தில் தான்றிக்காயே சூதுக்காயாக இருந்ததென்பதை நோக்கின் அக்கதையின் பொருத்தம் விளங்கும். எண்ணறிவு நளனுக்கு நாட்டை மீட்டுத் தந்தது உண்மை. ஆனால் புட்கரன் மேசைக்கு மேல் கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. நளன் கற்றதைப் புட்கரன் முன்னமே கற்றிருக்கவுமில்லை. இன்றைய புட்கரன் நளனுடைய பாடநூலை நளனுக்கு முன்பே படித்து முடித்தவன்.

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாணவன் நெடுநேரம் பேசவில்லை. வெளியே சிங்கமலைப் பக்கம் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. கடைசியில், “அப்படியானால் சேர், நான் எண்ணுவது சீட்டை, அவர்கள் எண்ணுவது என்னை” என்றான். நாம் இத்தனை நேரம் சொன்னதை அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தை மட்டும் கிழித்து நம்மிடம் தந்தான். எஞ்சிய பக்கங்களைக் கிழிக்க நாமும் சொல்லவில்லை. அவற்றிலிருந்த கணக்கு நல்ல கணக்கு. காப்புறுதி நிறுவனங்களும், மழையை முன்னறிவிப்போரும், மருந்தைச் சோதிக்கும் மருத்துவரும் நாள்தோறும் கையாளும் நிகழ்தகவுக் கணிதம் அது. அதனைப் படித்தவர்க்கு நாட்டில் வேலை உண்டு. அங்கே எவரும் எழுந்து போகச் சொல்லமாட்டார். விடைபெறும்போது நம் அலுமாரியிலிருந்த புள்ளிவிபரவியல் நூல் ஒன்றைக் கேட்டு வாங்கிச் சென்றான்.

சென்ற வாரம் அந்தத் தாயைக் கடைத்தெருவில் கண்டோம். வங்கிப் புத்தகத்தைச் சேலைத் தலைப்பில் சுற்றிப் பிடித்திருந்தார். “மகன் ஏதோ பெரிய புத்தகமாகப் படிக்கிறான் ஐயா, என்ன படிப்பென்று எனக்கு விளங்கவில்லை” என்றார். எண்ணிப் பார்க்கும் படிப்பு அம்மா என்று சொல்லி வந்தோம்.